அம்புக்குறிக்குள் என்ன நடக்கிறது? புரதக் களங்களும் உயிரணுச் சமிக்ஞையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரியில் எச்2 நிலை உயிரியல் எடுக்கும் மாணவர்கள் இன்சுலின் ஏற்பியைப் பற்றிப் படிக்கிறார்கள். இன்சுலின் வந்து ஏற்பியில் அமர்கிறது. ஏற்பியின் உள்முனையில் பாஸ்பேட் ஏறுகிறது. பிறகு ஓர் அம்புக்குறி. அதன் மறுமுனையில் குளுக்கோஸ் உயிரணுவுக்குள் நுழைகிறது. நூலகக் கூடம் ஒன்றில் ஒரு சனிக்கிழமை மாலை இதைப் பற்றித் தமிழில் பேசியபோது எழுந்த கேள்விகளில் பெரும்பாலானவை அந்த அம்புக்குறியைப் பற்றியவையாகவே இருந்தன. மாணவர்களும், உடன் வந்த பெற்றோரும், ஓய்வுபெற்ற தாதி ஒருவரும் கேட்டவற்றுக்கு அன்று நேரமின்மையால் சுருக்கமாகச் சொன்ன பதில்களை இங்கே விரித்து எழுதியிருக்கிறேன்.

‘களம்’ என்று எதைச் சொல்கிறீர்கள்? டொமைன் என்பதுதானே வழக்கம்?

இரண்டும் ஒன்றே. புரதம் என்பது அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோக்கப்பட்ட நீண்ட இழை. பெரிய புரதங்களில் அந்த இழை முழுவதும் ஒரே உருண்டையாக மடிவதில்லை. ஒரு பகுதி தனக்குள் மடிந்து ஓர் உருண்டையாகவும், சற்றுத் தள்ளி இன்னொரு பகுதி வேறோர் உருண்டையாகவும், இடைப்பட்ட பகுதி தளர்ந்த கயிறாகவும் இருக்கும். அவ்வாறு தனித்து மடிந்து, தனித்து ஒரு வேலையைச் செய்ய வல்ல பகுதியே களம். நெற்களம், போர்க்களம் என்று தமிழில் அச்சொல் ஒரு வேலை நடக்கும் இடத்தைக் குறிப்பதால், டொமைனைவிட அது பொருத்தம் என்பது என் எண்ணம்.

இங்கே பேசப்படும் களங்கள் மிகச் சிறியவை. இன்சுலின் ஏற்பியின் முன்னோடி இழையில் 1,300-க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் உள்ளன. எஸ்எச்2 என்னும் களத்திலோ ஏறத்தாழ 100, எஸ்எச்3 களத்தில் ஏறத்தாழ 60, டபிள்யூடபிள்யூ களத்தில் 40-க்கும் குறைவு. இவற்றை முழுப் புரதத்திலிருந்து வெட்டியெடுத்து, பாக்டீரியாவில் தனியே உற்பத்தி செய்தாலும், அவை அதே வடிவில் மடிந்து அதே துணையைப் பிடிக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் இவற்றைக் கையாள எளிதாக இருப்பதற்கும், பரிணாமம் இவற்றை எங்கெங்கோ எடுத்துப் பொருத்தியிருப்பதற்கும் காரணம் ஒன்றே. எஸ்எச்2 களத்தில் இழை உள்ளே வரும் முனையும் வெளியேறும் முனையும் அருகருகே, பிடிக்கும் பரப்புக்கு நேர் எதிர்ப்புறத்தில் இருக்கின்றன. ஆகவே எந்தப் புரதத்தின் நடுவிலும் அதைச் செருகலாம். அந்தப் புரதத்தின் மற்றப் பகுதிகள் குலையமாட்டா. தேக்காவில் மாலை கட்டுபவர் நாரை அறுக்காமல் இடையில் ஒரு பூவைச் சேர்ப்பதைப் பார்த்திருந்தால் இது விளங்கும்.

பாஸ்பேட்டை ஏற்றவும் இறக்கவும் நொதிகள் இருக்கின்றனவே. அவையே செய்தியைக் கொண்டுசெல்லப் போதாதா?

நீண்ட காலம் அப்படித்தான் கருதப்பட்டது. ஏற்பி ஒரு நொதி. அது அடுத்த புரதத்தின் மீது பாஸ்பேட்டை ஏற்றி அதை முடுக்குகிறது. அது அதற்கடுத்ததை முடுக்குகிறது என்ற படம் எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது. ஆனால் பாஸ்பேட் ஏறியதும் அந்தப் புரதத்தின் வடிவம் மாறியே தீரும் என்பதில்லை. பல இடங்களில் பாஸ்பேட் செய்வதெல்லாம் ஓர் அடையாளம் வைப்பதுதான். அதைப் படிப்பதற்கு வேறொருவர் வேண்டும். உயிரியலாளர்கள் இப்போது இதை மூன்று தொழில்களாகப் பிரித்துப் பேசுகிறார்கள். பாஸ்பேட்டை ஏற்றும் கைனேஸ் எழுதுகிறது, அதை இறக்கும் பாஸ்பட்டேஸ் அழிக்கிறது, களம் படிக்கிறது. படிப்பவர் இல்லாவிட்டால் எழுத்துக்குப் பயன் இல்லை.

இந்தப் ‘படிப்பவரை’ யார், எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

கதை கோழியில் தொடங்குகிறது. கோழிக்கு வரும் ஒரு கட்டியை, உயிரணுக்களை வடிகட்டி நீக்கிய சாற்றைக் கொண்டே இன்னொரு கோழிக்கு வரவழைக்க முடியும் என்று பெய்டன் ரவுஸ் 1911-இல் காட்டினார். அந்தச் சாற்றிலிருந்த வைரஸின் புற்றுநோய் மரபணுவே சார்க். அது வைரஸுக்குச் சொந்தமானதன்று, இயல்பான உயிரணுவிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது என்று மைக்கேல் பிஷப், ஹெரால்ட் வார்மஸ் குழுவினர் 1976-இல் காட்டி, 1989-இல் நோபெல் பரிசு பெற்றார்கள். புரதங்களில் டைரோசின் என்னும் அமினோ அமிலத்தின் மீதும் பாஸ்பேட் ஏறும் என்பதை டோனி ஹண்டர் 1979-இல் கண்டார்.

1986-இல் கனடாவில் டோனி பாசனின் குழு, சார்க்கைப் போன்ற இன்னொரு புற்றுநோய்ப் புரதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, நொதியாக வேலை செய்யும் பகுதிக்கு வெளியே சுமார் 100 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு பல புரதங்களில் ஒத்திருப்பதைக் கவனித்தது. அதுவே சார்க்குடன் ஒத்த இரண்டாம் பகுதி, அதாவது எஸ்எச்2. நொதிப் பகுதி முதலாவது என்பதால் எஸ்எச்1. எஸ்எச்1 களம் என்று அதை அரிதாகவே குறிப்பிடுகிறார்கள். எஸ்எச்2 பாஸ்பேட் ஏறிய டைரோசினைப் பிடிக்கிறது என்பது 1990 வாக்கில் பாசனின் குழுவாலும் வேறு சில குழுக்களாலும் உறுதியானது. 1992-இல் படிக வடிவம் வெளியானபோது, எப்படிப் பிடிக்கிறது என்பதும் கண்ணுக்குத் தெரிந்தது.

எப்படிப் பிடிக்கிறது?

எஸ்எச்2 களத்தின் பரப்பில் ஒன்றையொன்று அடுத்து இரண்டு பள்ளங்கள் உள்ளன. முதல் பள்ளம் ஆழமானது; அதன் அடியில் நேர்மின்னூட்டம் கொண்ட ஆர்ஜினின் ஒன்று அமர்ந்திருக்கிறது. பாஸ்பேட்டுக்கு எதிர்மின்னூட்டம் உண்டு. டைரோசினின் பக்கக்கிளை நீளமானது என்பதால், அதன் நுனியிலுள்ள பாஸ்பேட் அந்த அடியாழத்தை எட்டி ஆர்ஜினினோடு இணைகிறது. செரின், திரியோனின் ஆகியவற்றின் மீதும் பாஸ்பேட் ஏறும். உண்மையில் உயிரணுவிலுள்ள பாஸ்பேட் அடையாளங்களில் மிகப் பெரும்பான்மை அவற்றின் மீதுதான். ஆனால் அவற்றின் கிளைகள் குட்டையானவை. கிணற்றில் கயிறு எட்டாத குடம் போல, அவை ஆர்ஜினினை அடைவதில்லை. அந்த ஒரு ஆர்ஜினினை மாற்றிவிட்டால் களம் பிடிப்பதையே நிறுத்திவிடுகிறது. எஸ்எச்2-வின் பங்கைச் சோதிக்க விரும்பும் ஆய்வாளர்கள் முதலில் செய்யும் சோதனை அதுதான்.

இரண்டாவது பள்ளம், டைரோசினுக்கு அடுத்து வரும் சில அமினோ அமிலங்களைப் படிக்கிறது. கிரப்2 என்னும் புரதத்தின் எஸ்எச்2, டைரோசினுக்கு அடுத்த இரண்டாம் இடத்தில் அஸ்பராஜின் இருக்க விரும்புகிறது. பிஐ3 கைனேஸின் எஸ்எச்2-களுக்கு மூன்றாம் இடத்தில் மெத்தியோனின் வேண்டும். சார்க்கினுடையது அதே மூன்றாம் இடத்தில் ஐசோலியூசினைத் தேடுகிறது. பிடியின் வலுவில் ஏறத்தாழப் பாதியை பாஸ்பேட் ஏறிய டைரோசினும், மீதியை அக்கம்பக்கத்தாரும் தருகிறார்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கட்டடத்தில் புளோக் எண் சரியாக இருந்தால் மட்டும் கடிதம் சேர்ந்துவிடாது, மாடியும் கதவெண்ணும் வேண்டும் என்பதைப் போன்றது இது.

இன்சுலினை வைத்தே விளக்க முடியுமா? எங்கள் வீட்டில் மூவருக்கு நீரிழிவு இருக்கிறது.

முடியும். சுகாதார அமைச்சு 2016-இல் நீரிழிவு மீது போர் தொடுப்பதாக அறிவித்த நாட்டில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் வியப்பு.

இன்சுலின் வெளியே அமர்ந்ததும் ஏற்பியின் இரு பாதிகளும் உட்புறத்தில் ஒன்றன்மீது ஒன்று பாஸ்பேட் ஏற்றிக்கொள்கின்றன. அந்தப் பாஸ்பேட்டுகளில் ஒன்றை ஐஆர்எஸ்-1 என்னும் புரதத்தின் பிடிபி களம் படித்துப் பிடிக்கிறது. எஸ்எச்2-வைப் போலவே பிடிபி களமும் பாஸ்பேட் ஏறிய டைரோசினைப் பிடிக்கும். ஆனால் அது டைரோசினுக்கு முன்னால் வரும் எழுத்துகளைப் பார்க்கும், எஸ்எச்2 பின்னால் வருபவற்றைப் பார்க்கும். ஏற்பிக்கு அருகில் வந்து நின்றுவிட்ட ஐஆர்எஸ்-1-இன் நீண்ட வாலில் பல டைரோசின்கள் உள்ளன. ஏற்பி அவற்றின் மீதும் பாஸ்பேட் ஏற்றுகிறது. இப்போது ஐஆர்எஸ்-1 பல கொக்கிகள் உள்ள சுவராகிவிட்டது.

அந்தக் கொக்கிகளில் இரண்டை, பிஐ3 கைனேஸின் துணைப்புரதம் தன்னிடமுள்ள இரண்டு எஸ்எச்2 களங்களால் பற்றுகிறது. பற்றும்போது இரண்டு காரியங்கள் நடக்கின்றன. நொதியின் மீது துணைப்புரதம் வைத்திருந்த தடை தளர்கிறது. அதுவரை உயிரணுவின் திரவத்தில் திரிந்த நொதி, அது வேலை செய்ய வேண்டிய கொழுப்புகள் இருக்கும் உயிரணுச் சவ்வின் அருகே வந்துசேர்கிறது. இரண்டாவது, முதலாவதற்குச் சற்றும் குறைந்ததன்று. நொதியை முடுக்குவது போலவே, அதை இடம் மாற்றுவதும் செய்திதான்.

சவ்வில் பிஐ3 கைனேஸ் பிப்3 என்னும் கொழுப்பை உண்டாக்குகிறது. அந்தக் கொழுப்பின் தலையை ஏகேடி என்னும் கைனேஸின் பிஎச் களம் படித்துப் பிடிக்க, ஏகேடி சவ்வுக்கு வந்து முடுக்கப்படுகிறது. அதன் விளைவாகத் தசை, கொழுப்பு உயிரணுக்களின் உள்ளே சிறு பைகளில் காத்திருந்த குளுட்4 என்னும் குளுக்கோஸ் வாயில்கள் மேற்பரப்புக்கு வருகின்றன. பாடநூலின் அம்புக்குறிக்குள் பிடிபி, எஸ்எச்2, பிஎச் என்று மூன்று வகைக் களங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தும் பிடித்தும் விட்டும் இருக்கின்றன.

அப்படியானால் நீரிழிவு என்பது ஒரு களத்தின் பழுதா என்றால், இல்லை. இரண்டாம் வகை நீரிழிவுக்கு ஒற்றைக் களத்தைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த இயலாது. உடற்பருமன், கல்லீரலிலும் தசையிலும் சேரும் கொழுப்பு, கணையத்தின் சோர்வு, பரம்பரை என்று பலவும் சேர்ந்து இந்தத் தொடரை மந்தமாக்குகின்றன. மருந்தையும் உணவையும் பற்றி மருத்துவர் சொல்வதில் இந்தப் பக்கம் எதையும் மாற்றாது.

பிடி இவ்வளவு முக்கியம் என்றால், அது மிக இறுக்கமாக இருக்கும் அல்லவா?

என்னிடம் கேட்கப்படும் கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனெனில் விடை பலரும் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறானது. இந்தக் களங்களின் பிடி தளர்ந்தது. நோயெதிர்ப்பு உடற்காப்புப் பொருள் ஒன்று தன் இலக்கை நானோமோலார் அளவிலோ அதற்கும் குறைந்த அளவிலோ பிடித்து, நிமிடக்கணக்கிலும் மணிக்கணக்கிலும் விடாமல் இருக்கும். எஸ்எச்2 களம் பொதுவாக ஒரு மைக்ரோமோலாரை ஒட்டிய அளவில் பிடிக்கிறது. எஸ்எச்3 இன்னும் தளர்ச்சி. பல சமயம் பத்து, நூறு மைக்ரோமோலார் வரை போகும். ஒரு மைக்ரோமோலார் என்பது ஆயிரம் நானோமோலார்; எண் பெரிதாகப் பெரிதாகப் பிடி தளர்கிறது என்று கொள்க. கால அளவில் சொன்னால், ஓர் எஸ்எச்2 தன் துணையை ஒரு விநாடிக்கும் குறைவான நேரமே பிடித்திருந்து விட்டுவிடுகிறது. பிறகு மறுபடி பிடிக்கிறது.

இது குறைபாடு போலத் தோன்றும். ஆனால் செய்தி என்றால் அதற்குத் தொடக்கமும் முடிவும் வேண்டும். சாப்பிட்டபின் ஏறிய இன்சுலின் இறங்கும்போது தொடரும் நிற்க வேண்டும். அதற்கு பாஸ்பட்டேஸ் வந்து பாஸ்பேட்டை அழிக்க வேண்டும். ஆனால் எஸ்எச்2 களம் பாஸ்பேட்டின் மீது அமர்ந்திருக்கும்வரை பாஸ்பட்டேஸால் அதைத் தொட முடியாது. களம் அடிக்கடி எழுந்து இடம் கொடுத்தால்தான் அழிப்பவர் உள்ளே வர முடியும்.

இதை நேரடியாகச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், எஸ்எச்2 களத்தின் பாஸ்பேட் பள்ளத்தில் மூன்று அமினோ அமிலங்களை மட்டும் மாற்றி, பிடியைப் பன்மடங்கு இறுக்கமாக்கினார்கள். அந்த மிகைப்பிடிக் களத்தை உயிரணுவுக்குள் வைத்தபோது, வளர்ச்சிக் காரணி ஏற்பியின் சமிக்ஞை பெருகவில்லை, அடங்கிப்போனது. அது பாஸ்பேட்டுகளின் மீது ஏறி உட்கார்ந்துகொண்டு, மற்றவர்களை அண்டவிடவில்லை. அத்தகைய இறுக்கத்தை மூன்றே மாற்றங்களால் எட்ட முடியும் என்றிருந்தும், கோடிக்கணக்கான ஆண்டுகளில் இயற்கை அங்கே போகாமல் நின்றது தற்செயலாக இருக்க முடியாது என்பது என் கருத்து. மதிய நேரத்து உணவங்காடி நிலையத்தில் மேசையைத் துண்டுத்தாள் பொட்டலம் வைத்துப் பிடித்துவிட்டு எழுந்திருக்க மறுப்பவரை நாம் எல்லோரும் அறிவோம்.

மனித உடலில் ஏறத்தாழ 110 புரதங்களில் 120 எஸ்எச்2 களங்கள் உண்டாமே. பிடி தளர்ந்ததாகவும் ஒன்றுபோல் மற்றொன்றும் இருந்தால், ஆள் மாறிப் பிடித்துவிடாதா?

தனியே விட்டால் மாறிப் பிடிக்கத்தான் செய்யும்; சோதனைக்குழாயில் அதைக் காணலாம். உயிரணு அதைப் பல வழிகளில் சமாளிக்கிறது. முதலாவது, இரட்டைப் பிடி. நோயெதிர்ப்பு மண்டலத்தின் டி உயிரணுவில் உள்ள ஜாப்-70 என்னும் புரதத்தில் இரண்டு எஸ்எச்2 களங்கள் அருகருகே உள்ளன. அவை, இரண்டு டைரோசின்களும் குறிப்பிட்ட இடைவெளியில் பாஸ்பேட் ஏறியிருக்கும் வாலை மட்டுமே சேர்ந்து பிடிக்கின்றன. ஒவ்வொன்றும் தனியே தளர்ந்த பிடி; இரண்டும் சேர்ந்தால் நானோமோலார் பிடி. ஒரு கை நழுவினாலும் மறுகை பிடித்திருப்பதால், நழுவிய கை திரும்பப் பிடிக்க அவகாசம் கிடைக்கிறது. இரண்டாவது, இடம். ஒரே உயிரணுவில், ஒரே நேரத்தில், ஒரே மூலையில் இல்லாத இருவர் தவறாகச் சந்திக்க வாய்ப்பில்லை.

மூன்றாவது வழி நுட்பமானது. பேக்கரி ஈஸ்ட்டில் 27 எஸ்எச்3 களங்கள் உள்ளன. உப்புச் செறிவைச் சமாளிக்கும் தொடரில், பிபிஎஸ்2 என்னும் புரதத்தின் புரோலின் நிறைந்த துண்டை அந்த 27-இல் ஒன்றே ஒன்றுதான் பிடிக்கிறது. ஆனால் அதே துண்டை வேறு உயிரினங்களின் எஸ்எச்3 களங்களுக்குக் காட்டியபோது அவற்றில் பல பிடித்துக்கொண்டன. 2003-இல் வெளிவந்த இந்த ஆய்வின் பொருள் என்னவென்றால், தன் வீட்டிலுள்ள தவறான துணைகளிடமிருந்து மட்டும் விலகும்படி அந்தத் துண்டு பரிணாமத்தில் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்நியர்களை அது சந்தித்ததே இல்லை, ஆகவே அவர்களுக்கு எதிராகச் செதுக்கப்படவும் இல்லை.

எஸ்எச்2 தவிர மற்றவை?

எஸ்எச்3 களம் பாஸ்பேட்டைத் தேடுவதில்லை. இரண்டு புரோலின்கள், நடுவே வேறு ஏதேனும் இரண்டு அமினோ அமிலங்கள் என்ற அமைப்பைத் தேடுகிறது. மனிதரில் இவை ஏறத்தாழ 300 உண்டு. பிடிஇசட் களம் புரதத்தின் கடைசி நான்கைந்து எழுத்துகளை, அதாவது வால்நுனியைப் பிடிக்கும். நரம்புச் சந்திகளில் ஏற்பிகளை வரிசையாக நிறுத்தி வைப்பதில் பெரும்பங்கு இதற்கு. டபிள்யூடபிள்யூ, அதிலுள்ள இரண்டு டிரிப்டோபன்களால் பெயர் பெற்றது. இதுவும் புரோலின் விரும்பி. புரோமோ களம் உயிரணுவின் உட்கருவுக்குள், டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் மீதுள்ள அசெட்டைல் அடையாளத்தைப் படிக்கிறது. பிடிபி, பிஎச் ஆகியவற்றை இன்சுலின் கதையில் பார்த்துவிட்டோம். பட்டியல் இன்னும் நீளும். மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

நொதியே அல்லாத, களங்கள் மட்டுமே உள்ள புரதம் உண்டா? அதனால் என்ன பயன்?

உண்டு, கிரப்2. அதன் 217 அமினோ அமிலங்களில் எஸ்எச்3, எஸ்எச்2, எஸ்எச்3 என்று மூன்று களங்களைத் தவிர வேறு எதுவும் இல்லை என்றே சொல்லலாம். நடுவிலுள்ள எஸ்எச்2 வளர்ச்சிக் காரணி ஏற்பியின் பாஸ்பேட்டைப் பிடிக்கிறது. இரு பக்கத்து எஸ்எச்3-களும் சாஸ் என்னும் புரதத்தின் புரோலின் துண்டுகளைப் பிடிக்கின்றன. சாஸ் சவ்வுக்கு அருகில் இழுத்துவரப்பட்டதும், அங்கே காத்திருக்கும் ராஸ் என்னும் சிறு புரதத்தை முடுக்கிவிடுகிறது. கல்யாணத் தரகர் தாம் மணமுடிப்பதில்லை; இரு வீட்டாரையும் ஒரே கூடத்தில் உட்கார வைப்பதோடு அவர் வேலை முடிகிறது. புழுவிலும் பழ ஈயிலும் இதே மூன்று களப் புரதம் இதே வேலையைச் செய்கிறது.

ஒரு களம் தன் சொந்தப் புரதத்தையே பிடித்துக்கொள்ளுமா?

பிடித்துக்கொள்ளும், அதுவே பூட்டு. சார்க்கின் வால்நுனிக்கு அருகே உள்ள டைரோசினில் பாஸ்பேட் ஏறினால், சார்க்கின் எஸ்எச்2 அதைத் திரும்பிப் பிடிக்கிறது. எஸ்எச்3 வேறோர் இடத்தைப் பிடிக்கிறது. புரதம் தன்னைத்தானே கட்டிப்போட்டுக்கொண்டு உறங்குகிறது. கோழி வைரஸின் சார்க்கில் அந்த வால்நுனியே இல்லை. பூட்ட வழியில்லாததால் அது ஓயாமல் ஓடியது. ரவுஸ் 1911-இல் கண்ட கட்டிக்கான மூலக்கூறு விளக்கத்தில் பெரும்பகுதி இதுவே, ஆனால் சார்க்கின் படிக வடிவம் 1997-இல் வெளிவந்த பிறகுதான் பூட்டை நேரில் பார்க்க முடிந்தது.

எஸ்எச்பி2 என்னும் பாஸ்பட்டேஸிலும் இதே உத்தி வேறு விதமாக உள்ளது. அதன் முதல் எஸ்எச்2 களம், பாஸ்பேட்டைப் பிடிக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தால் நொதியின் வாயை அடைத்துக்கொண்டிருக்கிறது. வெளியே பாஸ்பேட் ஏறிய துணை கிடைத்தால் வாயை விட்டு அதற்குப் போகிறது. இந்த அடைப்பைத் தளர்த்தும் மரபணு மாற்றங்கள் நூனன் என்னும் பிறவி நோய்க்குறிக்கும், சிறு குழந்தைகளுக்கு வரும் ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கும் காரணமாகின்றன.

ஒரு களம் மட்டும் பழுதானால் நோய் வருமா?

வரும். சாப் என்னும் புரதம் 128 அமினோ அமிலங்களே கொண்டது; கிட்டத்தட்ட முழுவதும் ஒரே எஸ்எச்2 களம். அது இல்லாமல் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்கு, மற்றவர்களுக்குப் பெரும்பாலும் சாதாரணமாகக் கடந்துபோகும் எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்று உயிருக்கே ஆபத்தாக முடியலாம். பிடிகே என்னும் கைனேஸின் பிஎச் களத்தில் ஓர் ஆர்ஜினின் மாறினால், அது சவ்வுக்குப் போய்ச்சேர முடியாமல் பி உயிரணுக்கள் முதிராமல் நின்றுவிடுகின்றன. உடற்காப்புப் பொருள்களே உருவாகாத நோய் அது.

நான் அதிகம் சொல்லிக்காட்டுவது லிடில் நோய்க்குறி. சிறுநீரகத்தில் சோடியத்தை உள்வாங்கும் கால்வாய்ப் புரதத்தின் வாலில் ஒரு புரோலின் துண்டு உண்டு. நெட்4-2 என்னும் புரதத்தின் டபிள்யூடபிள்யூ களங்கள் அதைப் பிடிக்க, நெட்4-2 அந்தக் கால்வாயைச் சவ்விலிருந்து அகற்றுவதற்கான குறியை வைக்கிறது. வால் துண்டு மரபணு மாற்றத்தால் கெட்டுப்போனால் பிடிக்க இடமில்லை. கால்வாய்கள் சவ்விலேயே குவிகின்றன. உப்பு தேங்கி, இளம் வயதிலேயே இரத்த அழுத்தம் ஏறுகிறது. அந்தக் கால்வாயை நேரடியாக அடைக்கும் அமிலோரைட் மருந்து இவர்களுக்குப் பலன் தருகிறது. இங்கே களத்தில் குறையில்லை, பிடி கொடுக்க வேண்டியது கெட்டது.

கிருமிகள் இதைப் பயன்படுத்திக்கொள்கின்றனவா?

திறமையாக. வயிற்றில் வாழும் ஹெலிகோபேக்டர் பைலோரி என்னும் பாக்டீரியாவின் சில வகைகள், காக்ஏ என்னும் புரதத்தை ஊசி போல நம் உயிரணுவுக்குள் செலுத்துகின்றன. நம்முடைய கைனேஸ்களே அதன் டைரோசின்களில் பாஸ்பேட் ஏற்றுகின்றன, நம்முடைய எஸ்எச்பி2-வின் எஸ்எச்2 களங்கள் ஏமாந்து அதைப் பிடிக்கின்றன, பூட்டு திறந்துகொள்கிறது. கிழக்கு ஆசியாவில் பரவலாக உள்ள காக்ஏ வகை, மேற்கத்திய வகையைவிட இறுக்கமாகப் பிடிபடுகிறது; அப்பகுதியில் இரைப்பைப் புற்றுநோய் மிகுந்திருப்பதற்கான காரணங்களுள் ஒன்றாக இது கருதப்படுகிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்பிவி வைரஸ்களில் ஆபத்து மிகுந்த வகைகளின் இ6 புரதம், தன் வால்நுனியால் நம் பிடிஇசட் களங்களில் தொற்றிக்கொள்கிறது.

அப்படியானால் களங்களை அடைக்கும் மருந்து இருக்க வேண்டுமே?

முயற்சிகள் பல, வெற்றிகள் சில. நொதியின் வாய் ஆழமான குழி. சிறு மூலக்கூறு அதில் நன்றாக அமரும். எஸ்எச்2-வின் பாஸ்பேட் பள்ளத்திலோ கடும் மின்னூட்டமுள்ள பொருளே அமரும், அப்படிப்பட்ட பொருள் உயிரணுச் சவ்வைக் கடப்பது கடினம். எஸ்எச்3-இன் பரப்பு பெரிதும் ஆழமற்றது. அதனால்தான் இன்று நுரையீரல் புற்றுநோயில் பயன்படும், வளர்ச்சிக் காரணி ஏற்பியைக் குறிவைக்கும் ஈஜிஎப்ஆர் மருந்துகள் களத்தை விட்டுவிட்டு, அதற்குமுன் பாஸ்பேட்டை எழுதும் கைனேஸை அடைக்கின்றன. எழுத்து இல்லையென்றால் கிரப்2 படிக்க எதுவும் இல்லை.

பக்கவாதத்தில் நரம்பணுக்களைக் காக்க, பிடிஇசட் களத்தைப் பிடிக்கும் நெரினடைட் என்னும் பெப்டைடு பரிசோதிக்கப்பட்டது. 2020-இல் வெளியான பெரிய மருத்துவச் சோதனையில் ஒட்டுமொத்தமாகப் பலன் தெரியவில்லை. இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து பெறாதவர்களிடம் மட்டும் நம்பிக்கை தரும் வேறுபாடு இருந்தது. எஸ்எச்பி2-வுக்கு 2016-இல் ஒரு சாமர்த்தியமான வழி காட்டப்பட்டது: பாஸ்பேட் பள்ளத்தை விட்டுவிட்டு, மூடிய நிலையில் களங்களுக்கும் நொதிக்கும் இடையே உருவாகும் சுரங்கத்தில் அமர்ந்து, பூட்டைப் பூட்டியபடியே வைத்திருக்கும் மூலக்கூறு. இது எனக்கு மிகுந்த நம்பிக்கை தரும் திசை.

இந்தத் துறையில் சிங்கப்பூருக்குப் பங்கு உண்டா?

உண்டு. மூலக்கூறு, உயிரணு உயிரியல் கழகம் 1985-இல் நிறுவப்பட்டது. இப்போது பயோபோலிஸில் இயங்குகிறது. அது கெண்ட் ரிட்ஜில் இருந்த காலத்தில், 1994-இல், எட் மேன்சர், லூயிஸ் லிம் உள்ளிட்ட குழுவினர் பாக் என்னும் கைனேஸைக் கண்டறிந்தார்கள். ராஸின் உறவினர்களான சிடிசி42, ராக் ஆகிய சிறு புரதங்கள் முடுக்கப்பட்ட நிலையில் இருக்கும்போது மட்டும் பாக் அவற்றைப் பிடிக்கிறது. நான்கு ஆண்டுகள் கழித்து அதே வட்டத்தினர் பாக்குடன் இணையும் பிக்ஸ் என்னும் புரதத்தையும் கண்டார்கள். பிக்ஸின் எஸ்எச்3 களம் பாக்கைப் பிடிக்கும் விதம் வழக்கத்துக்கு மாறானது: இரண்டு புரோலின், நடுவே இரண்டு என்ற விதிக்கு அது உட்படவில்லை, பிடியும் வழக்கமான எஸ்எச்3 பிடிகளைவிடப் பன்மடங்கு இறுக்கம். உயிரணு நகரும்போது அதன் எலும்புக்கூட்டை மாற்றியமைக்கும் கருவிகளை ஓரிடத்தில் வைத்திருக்க அந்த இறுக்கம் உதவுகிறது. தளர்ந்த பிடியே சிறப்பு என்று மேலே சொன்னதற்கு இது விலக்கு; அணைய வேண்டிய செய்திக்குத் தளர்ச்சி, நிற்க வேண்டிய சாரக்கட்டுக்கு இறுக்கம் என்று இயற்கை கணக்குப் பார்த்திருக்கிறது.

ஈஸ்ட் போன்ற எளிய உயிரினங்களிலும் எஸ்எச்2 உண்டா?

ஈஸ்ட்டில் எஸ்பிடி6 என்னும் ஒரே புரதத்தில் உண்டு. அதற்கும் டைரோசின் சமிக்ஞைக்கும் தொடர்பில்லை. எஸ்எச்2 பெருகியது, விலங்குகளுக்கு மிக நெருங்கிய உறவான கோயனோபிளாஜெல்லேட் என்னும் ஒற்றை உயிரணு உயிரினங்களிலும் விலங்குகளிலும்தான்.

களம் ஒன்று எதைப் பிடிக்கிறது என்பதை ஆய்வுக்கூடத்தில் எப்படிக் கண்டறிகிறார்கள்?

எளிய வழி தூண்டில். களத்தைச் சிறு மணிகளின் மீது ஒட்டி, உயிரணுச் சாற்றில் நனைத்து, கழுவி, ஒட்டியிருப்பவை எவை என்று பார்ப்பது. இதில் ஒரு பொறி உண்டு: பிடி தளர்ந்தது என்பதால், அதிகமாகக் கழுவினால் உண்மையான துணையும் போய்விடும், குறைவாகக் கழுவினால் வழிப்போக்கர்களும் நிற்பார்கள். தொடக்கத்தில் மாதக்கணக்கில் நான் வீணாக்கிய சோதனைகள் இந்த ஒரு படியில்தான். பிடியின் வலுவை அளக்க, இரண்டையும் கலக்கும்போது வெளிப்படும் மிகச் சிறிய வெப்பத்தை அளவிடும் கருவி உள்ளது. ஆல்பாஃபோல்ட் போன்ற கணினி முறைகள் களத்தின் வடிவத்தை மிக நன்றாக ஊகிக்கின்றன. ஆனால் அரை விநாடி நீடிக்கும் பிடியின் வலுவைச் சொல்ல இன்னும் சோதனைக்குழாய்தான் வேண்டியிருக்கிறது.

தேர்வில் இதையெல்லாம் எழுத வேண்டுமா?

வேண்டாம். ஏற்பியில் டைரோசின்கள் பாஸ்பேட் ஏற்றம் பெறுகின்றன, அவற்றை இணைப்புப் புரதங்கள் அடையாளம் கண்டு பிணைகின்றன, அதனால் அவை முடுக்கப்பட்டுச் செய்தி தொடர்கிறது என்று எழுதினால் பொதுவாகப் போதும். செய்தி எப்படி நிற்கிறது என்ற பகுதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பாஸ்பட்டேஸை ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.